கண்ணுக்குத் தெரியாத கலப்பு

கேள்வி: நெருங்கிய இரண்டு தவளை இனங்கள் கலந்து பிறந்ததை நிறத்தையும் குரலையும் வைத்தே சொல்லிவிட முடியாதா? மரபணுச் சோதனை எதற்கு?

பதில்: முதல் தலைமுறைக் கலப்பைப் பல சமயம் கண்ணாலேயே பிடித்துவிடலாம். சிக்கல் அதற்கு அப்புறம்தான். அந்தத் தவளை பெற்றோர் இனங்களில் ஒன்றோடு சேர்கிறது. அதன் பிள்ளையும் அதே இனத்தோடு சேர்கிறது. சில தலைமுறை போனால் நிறம், புள்ளி, குரல் எல்லாம் அந்த இனத்தைப் போலவே ஆகிவிடும். மற்ற இனத்தின் மரபணு கொஞ்சம் உள்ளே தங்கியிருக்கும்.

அதனால் இரு இனங்களிலும் நிச்சயமாக வேறுபடும் இடங்களை டி.என்.ஏ.வில் தேடி எடுக்கிறோம். அவைதான் மார்க்கர்கள். முதல் தலைமுறைக் கலப்பில் ஒவ்வொரு மார்க்கரிலும் இரண்டு இனத்தின் வடிவமும் இருக்கும். அது பெற்றோர் இனத்தோடு சேர்ந்து பெற்ற பிள்ளையில் ஏறக்குறையப் பாதி மார்க்கர்களில்தான் அப்படி இருக்கும். தனித்தனிக் குரோமோசோம்களில் உள்ள 5 மார்க்கர்களை மட்டும் பார்த்தால், இந்தப் பிள்ளையை முதல் தலைமுறை என்று தவறாக எண்ண 32-ல் ஒரு வாய்ப்பு உண்டு. 10 மார்க்கர் பார்த்தால் 1,024-ல் ஒன்றுதான்.

செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வை மட்டும் படித்து இனத்தை முடிவு செய்வதை நான் ஏற்பதே இல்லை. அது தாயிடமிருந்து மட்டும் வருவது. தந்தை எந்த இனம் என்று அதில் தெரியாது.

போலந்தின் கிராகோ அருகே சிவப்பு வயிற்றுத் தேரையும் மஞ்சள் வயிற்றுத் தேரையும் சந்திக்கும் எல்லை எனக்கு மிகப் பிடித்த எடுத்துக்காட்டு. முன்னது சமவெளிக் குளங்களில் வாழும், பின்னது மேட்டுநிலச் சிறு குட்டைகளில். சிமுரா, பார்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-ல் வெளியிட்ட ஆய்வில் நொதிகளின் (உடலின் வேதிவினைகளை நடத்தும் புரதங்களின்) வேறுபாட்டையே மார்க்கராக வைத்தார்கள். ஓர் இனத்தின் அடையாளங்கள் குறைந்து மற்றதன் அடையாளங்கள் நிறைவது சுமார் 6 கிலோமீட்டர் அகலத்துக்குள் நடந்துவிடுகிறது. அங்கே கலப்பு நெடுங்காலமாக நடக்கிறது. இருந்தும் இரண்டு இனமும் ஒன்றாகிவிடவில்லை, ஏனென்றால் கலப்புக் கருக்கள் அதிகம் இறக்கின்றன.

சரி, மாதிரி எடுக்கத் தவளையைக் கொல்ல வேண்டுமா? வேண்டாம். முன்பு விரல் நுனியை வெட்டுவோம். நானும் வெட்டியிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் மனம் சங்கடப்படும். இப்போது வாயின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் மெல்லத் தடவி எடுத்துக்கொண்டு, பிடித்த குட்டையிலேயே விட்டுவிடுகிறோம்.