தினமும் 50 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 40 போதுமா, 60 வேண்டுமா?

நீங்கள் கேட்டது இதுதான்: வேலைக்குப் போக வர தினமும் 50 கிலோமீட்டர், வருடத்தில் நாலைந்து தடவை 400 கிலோமீட்டர் தள்ளி ஒரு பயணம். மின்சார காரில் 40 கிலோவாட் மணி பேட்டரி போதுமா, கூடுதல் பணம் போட்டு 60 எடுப்பதா?

ராத்திரி வண்டி நிற்கிற இடத்தில் பிளக் இருந்தால் 40 போதும், இல்லையென்றால் 60. ஆனால் ஒரு சார்ஜில் இவ்வளவு ஓடும் என்று விளம்பரத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டரை (அதாவது ரேஞ்சை) வைத்து இந்த முடிவுக்கு வர முடியாது. அந்த எண் பொய்யில்லை, வேறு மாதிரி ஓட்டி எடுத்தது, அவ்வளவுதான். ஐரோப்பாவின் டபிள்யூஎல்டிபி சோதனையில் வண்டியை உருளைகள் மேல் நிறுத்தி, 23 டிகிரி அறையில், ஏசி போடாமல் ஓட்டுகிறார்கள். சராசரி வேகம் மணிக்கு 47 கிலோமீட்டர்கூட வராது. நீங்களோ ஹைவேயில் ஏசியைப் போட்டுக்கொண்டு 110-ல் போவீர்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறும் என்பதால், 80-ல் போவதைவிட 110-ல் போனால் காற்றைத் தள்ளுவதற்கு மட்டுமே ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய இரண்டு மடங்கு மின்சாரம் போகும்.

ஊருக்குள் கதை வேறு. நின்று நின்று போனால் பெட்ரோல் வண்டி அதிகம் குடிக்கும், மின்சார வண்டி குறைவாகக் குடிக்கும். வேகம் கம்மி, போதாததற்குக் காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்தாலே கொஞ்சம் பேட்டரிக்குத் திரும்பி வந்துவிடும்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு கிலோவாட் மணி என்றால் கரண்ட் பில்லில் வரும் ஒரு யூனிட்தான், அதனால் இனி யூனிட் என்றே எழுதுகிறேன். நடுத்தர அளவு கார் ஊருக்குள் யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர், ஹைவேயில் 5.5 கொடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 50 கிலோமீட்டருக்கு ஒரு நாளைக்கு 7 யூனிட் சொச்சம். சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் மூன்று மணி நேரத்தில் ஏறிவிடும். தினமும் ஏற்றுகிறவருக்கு 40-ம் ஒன்றுதான் 60-ம் ஒன்றுதான். தினசரி ஓட்டத்துக்கு ரேஞ்சைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமே இல்லை.

நீண்ட பயணத்தில்தான் வித்தியாசம் தெரியும். வீட்டிலிருந்து பேட்டரியை 100 சதவீதம் ஏற்றிக் கிளம்பி 10 சதவீதம் மிச்சம் வைத்து நிறுத்தினால் 40 யூனிட் வண்டி சுமார் 200 கிலோமீட்டர் போகும், 60 யூனிட் வண்டி 300 தொடும். அப்புறம் வழியில் நீங்கள் 100 வரை ஏற்றப் போவதில்லை. ஃபாஸ்ட் சார்ஜர் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றால் தெரியும், 80 தாண்டியதும் வேகம் சட்டென்று விழும், கடைசி 20 சதவீதத்துக்கு அதுவரை ஆன நேரமே திரும்ப ஆகலாம். ஆகவே 10-லிருந்து 80 வரை, அதாவது பேட்டரியில் 70 சதவீதம்தான் வழியில் உங்கள் கைக்கு வரும். 40-ல் அது 28 யூனிட், ஏறக்குறைய 150 கிலோமீட்டர். 60-ல் 42 யூனிட், 230 கிலோமீட்டர். உங்கள் 400 கிலோமீட்டருக்குச் சின்ன வண்டி இரண்டு இடத்தில் நிற்கும், பெரியது ஒரு இடத்தில். வருடத்துக்கு நாலைந்து பயணத்தில் கூடுதலாக ஒரு காபி நேரம். அதற்காக 20 யூனிட் பேட்டரியை, நூறு கிலோவுக்கு மேல் எடையை, வருடம் முழுக்கத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போக வேண்டுமா? நான் ஓட்டுவதும் சின்ன பேட்டரிதான், அதனால் கொஞ்சம் ஒருபக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்தாலும் தப்பில்லை.

ஆனால் வீட்டில் பிளக் இல்லாதவருக்கு இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். வாரத்துக்கு 250 கிலோமீட்டர், எல்லாம் வெளி சார்ஜரில். 28 யூனிட்டில் ஊருக்குள் 196 கிலோமீட்டர்தான், வாரத்தில் இரண்டாம் தடவையும் சார்ஜரைத் தேடிப் போக வேண்டும். 42 யூனிட்டில் 294, ஒரு தடவை போதும். பெரிய பேட்டரிக்கு உண்மையான பயன் இவருக்குத்தான், பயணம் போகிறவரைவிட.

குளிர் கடுமையாக இருக்கும் இடத்தில் இருந்தால் ஹீட்டருக்கென்று தாராளமாகக் கழித்துக்கொள்ளுங்கள். சின்னச் சின்ன ஓட்டமாக ஓட்டுகிறவருக்குத்தான் அடி அதிகம், ஒவ்வொரு தடவையும் வண்டியை முதலிலிருந்து சூடாக்க வேண்டும். பேட்டரி வயதாவதைப் பற்றி ரொம்ப பயப்பட வேண்டாம். பல நிறுவனங்கள் 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டருக்குள் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போகாது என்று உத்தரவாதம் தருகின்றன. எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி என்றால் அடிக்கடி 100 வரை ஏற்றலாம், என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்தது) என்றால் தினசரிக்கு 80-ஓடு நிறுத்தச் சொல்வார்கள், அந்த 20-ஐயும் கணக்கில் கழித்துவிடுங்கள்.

டெஸ்ட் டிரைவில் கண்ணாடிக்குக் கீழே காட்டும் மீதித் தூரத்தைப் பார்க்காதீர்கள். அது முன்பு ஓட்டியவர் எப்படி ஓட்டினார் என்பதை வைத்துச் சொல்லும் ஊகம். டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கிவிட்டு, நீங்கள் வழக்கமாகப் போகும் வேகத்தில் அரை மணி நேரம் ஹைவேயில் ஓட்டி, 100 கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் என்று பாருங்கள். 18 என்று வந்தால் நான் மேலே போட்ட ஹைவே கணக்கு அப்படியே பொருந்தும், 22 வந்தால் அந்தத் தூரங்கள் எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறையும். கடையில் சொல்லும் 40 மொத்தக் கொள்ளளவா, பயன்படுத்தக் கிடைப்பதா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.