குழு லோனும் தூக்கமின்மையும்: முதலில் எதைப் பார்ப்பது?

கேள்வி: தமிழ்நாட்டில் தொண்டு நிறுவனக் களப்பணியாளராக இருக்கிறேன். ஒரு பெண்ணுக்கு மூன்று குழு லோன், ஒரு நகைக்கடன், போதாததற்குக் கந்துவட்டி வேறு. தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை. “இன்னொரு லோன் கிடைத்தால் சரியாகிவிடும்” என்கிறார். கவுன்சலிங்குக்கு அனுப்புவதா, கடனை முதலில் பார்ப்பதா?

பதில்: இரண்டையும் சேர்த்தே தொடங்குங்கள். கவுன்சலிங் முடிந்து அவர் வீடு திரும்பும்போது வாசலில் வசூல்காரர் நின்றால், பேசியதெல்லாம் வீண். கடனை மட்டும் கேட்டாலோ, பல நாள் தூங்காதவருக்குப் பாதிக் கணக்கு நினைவுக்கே வராது.

அவரைத் தனியாகச் சந்தியுங்கள். “செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் கணக்குப் பேச்சு அன்றைக்கு வேண்டாம். தனியே விடாதீர்கள், வீட்டிலுள்ள பூச்சிமருந்து, மாத்திரைகளை அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டு, அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூடவே போங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இலவசம், 24 மணி நேரமும் உண்டு.

இல்லை என்றால் பட்டியல் போடலாம். மொத்தக் கடன் எவ்வளவு என்று தொடங்கினால் மலைத்துப்போவார். கிழமையிலிருந்து தொடங்குங்கள்: எந்த நாள் யாருக்கு டியூ, எவ்வளவு, இன்னும் எத்தனை வாரம், வசூலுக்கு யார் வருகிறார். வாய்க்கணக்கு வேண்டாம், லோன் அட்டையைப் பார்த்து எழுதுங்கள். வாரத் தவணையை நான்கால் பெருக்கி மாதக் கணக்கு போடுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஆண்டுக்கு 52 வாரம். வாரம் 1,800 ரூபாய் கட்டினால் மாதச் சராசரி 7,200 அல்ல, 7,800. திங்கட்கிழமை டியூ என்றால், ஐந்து திங்கட்கிழமை வரும் மாதத்தில் 9,000. துண்டு விழுவதும் கந்துவட்டிக்கு ஓடுவதும் அந்த மாதங்களில்தான். தன் பெயரில் அடுத்தவருக்கு எடுத்துக் கொடுத்த லோன் முதல் சந்திப்பில் வெளியே வராது. கணவருக்கே தெரியாமல் இருக்கலாம். துருவாதீர்கள், ஆனால் அடுத்த முறை அதற்கும் ஒரு வரி காலியாக விட்டு வையுங்கள்.

அவர் கேட்கும் புது லோனுக்கு இந்தக் கணக்கே பதில். 2022 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, மைக்ரோஃபைனான்ஸ் கடன் (குழு லோனும் இதில் அடங்கும்) வாங்கும் குடும்பத்தின் எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 15,000 ரூபாய் வருமானத்துக்கு 7,500 தான் எல்லை. மேலே சொன்ன 7,800 ரூபாய் குழுத் தவணையே அதைத் தாண்டிவிட்டது, நகைக்கடன் வட்டியைச் சேர்க்காமலே. இதைக் காட்டி, தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டும்படி கிளை மேலாளருக்கு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். ஒத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. ஒத்துக்கொண்டாலும் மொத்த வட்டி கூடும் என்பதை அந்தப் பெண்ணிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்கு வரக் கூடாது, உறவினரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதும் அதே விதிதான். மீறினால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார்; 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேன் எனும் குறைதீர்ப்பாளர் (வழிகாட்டுதலுக்கு 14448). கந்துவட்டியைத் தடுக்க 2003ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது. இலவச சட்ட உதவி எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது.

மனதை அதிகம் நொறுக்குவது பல நேரம் நிறுவனமல்ல, தவணை கட்டக் குழு கூடும் சென்டர் மீட்டிங்கில் பக்கத்தில் உட்காரும் பெண்கள்தான். ஒருவர் கட்டாவிட்டால் சுமை மற்றவர் தலையில் என்பதால், அந்த ஏச்சில் நியாயமும் கொஞ்சம் உண்டு. டியூ நாளுக்கு முன்பே குழுத் தலைவியிடம் எவ்வளவு கட்ட முடியும் என்று சொல்ல வையுங்கள். நீங்கள் ஜாமீன் நிற்காதீர்கள், கைக்காசும் கொடுக்காதீர்கள்.

மருத்துவர் மாத்திரை எழுதினால், பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். அதற்குள் நிறுத்திவிடுவதற்குப் பணமும் ஒரு காரணம்: மாத்திரையும் டவுன் பஸ்ஸும் இலவசம்தான், ஒருநாள் கூலி போய்விடுகிறதே. அதையும் பட்டியலில் செலவாக எழுதி, ஓ.பி. நாளை டியூ இல்லாத கிழமையாகக் கேட்டு வாங்குங்கள்.