வெள்ளம் வடிந்த பிறகு: கிணறு, முகாம், கழிப்பறை – வாசகர் கேள்விகள்

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருக் கிணறுகள் எல்லாம் மூழ்கின. ஆளாளுக்கு இரண்டு கை பிளீச்சிங் பவுடரை அள்ளிப் போட்டோம். இனி அப்படி நேர்ந்தால் சரியான முறை என்ன? (வாசகர், ஏரல்)

பதில்: கைக்கணக்கு உதவாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்த அந்த மழையில் கிணற்றுக்குள் போனது வெறும் மழைத்தண்ணீர் இல்லை. செப்டிக் டேங்க், மாட்டுத்தொழுவம், குப்பைமேடு எல்லாவற்றின் மேலும் புரண்டு வந்த தண்ணீர் அது. பவுடரில் உள்ள குளோரின் முதலில் சேற்றோடும் மட்கிய குப்பையோடும் வினைபுரிந்து செலவாகிவிடும்; மிச்சம் இருந்தால்தான் கிருமிக்குப் போய்ச் சேரும். அதனால் சேறெடுப்பதுதான் முதல் வேலை.

சுற்றுமண் ஊறிக் கிடக்கும்போது கிணற்றை ஒரே மூச்சில் இறைத்து வற்றவிடாதீர்கள். உள்ளே தண்ணீரின் எதிர்த்தாங்கல் போய்விட்டால், வெளியே ஊறிய மண்ணின் அழுத்தம் உறைகளைத் தள்ளிவிடும். ஊரில் நீர்மட்டம் கொஞ்சம் இறங்கிய பிறகு, மெதுவாக இறையுங்கள். பெட்ரோல், டீசல் இன்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கவே கூடாது. மெழுகுவத்தியை இறக்கிப் பார்த்துவிட்டு ஆளை அனுப்புவார்கள். அது ஆக்ஸிஜன் குறைவைக் காட்டும், இன்ஜின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடைக் காட்டாது.

சேறெடுத்து, உறைகளைத் தேய்த்துக் கழுவி, ஊற்று மறுபடி ஏறியதும் கணக்குப் போடுங்கள். விட்டம் மீட்டரில், அதை அதனாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, 3.14-ஆல் பெருக்கி, 4-ஆல் வகுத்தால் கனமீட்டர். 3 மீட்டர் விட்டம், 4 மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 28 கனமீட்டர், அதாவது 28,000 லிட்டர். வெள்ளத்துக்குப் பிந்தைய முதல் மருந்துக்கு 1,000 லிட்டருக்கு 65 கிராம் நல்ல பவுடர் (30 சதவீதக் குளோரின் உள்ளது) என்று வைத்தால் 1.8 கிலோ வரும். 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்றில் முதலில் கூழாகக் குழைத்து, பிறகு தண்ணீர் விட்டுக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிடுங்கள். மேலே தெளிந்ததை மட்டும் கிணற்றில் ஊற்றி, வாளியை விட்டு மேலும் கீழும் கலக்குங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பு கிணற்றுக்கு வேண்டாம், தண்ணீரைக் கடினமாக்கும். பவுடரை அப்படியே தூவினால் கட்டியாகி அடியில் போய் உட்கார்ந்துவிடும்.

இரவு முழுக்க விடுங்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. காலையில் வாடை குறையும்வரை இறைத்துக் கொட்டுங்கள். அதற்குப் பிறகு தினசரி மருந்துக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் போதும். நம் கிணற்றுக்கு அது 70 கிராம். மாலையில் போட்டு விடியற்காலையில் எடுப்பது வசதி. எப்படியும் ஒரு மணி நேரமாவது கழிய வேண்டும்.

வாடை அடிக்கிறதா என்பது சோதனை இல்லை. பஞ்சாயத்தில் தொட்டி இயக்குபவரிடம் குளோரோஸ்கோப் (தண்ணீரில் எஞ்சியிருக்கும் குளோரினை நிறத்தால் காட்டும் சோதனைப் பெட்டி) இருக்கும், கேட்டு வாங்குங்கள். எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் காட்ட வேண்டும். நிறமே வரவில்லை என்றால் பவுடர் வீரியம் இழந்திருக்கும், அல்லது கிணற்றில் இன்னும் அழுக்கு இருக்கும். வாய் திறந்து வைத்த பவுடர் மூட்டை மழைக்காலத்தில் வேகமாகச் சத்திழக்கும்.

கேள்வி: கடல் தண்ணீர் ஏறிய கிணற்றை எத்தனை தடவை இறைத்தால் உப்பு போகும்? (வாசகி, வேதாரண்யம்)

பதில்: இறைக்க இறைக்க உப்பு கூடத்தான் வாய்ப்பு. கடலோர மணலில் நன்னீர், உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. மேலிருப்பதை வேகமாக உறிஞ்சினால் அடியிலிருப்பது மேலே ஏறும். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் கிழக்குக் கரையில் நல்லெண்ணத்தோடு திரும்பத் திரும்பக் கிணறு இறைத்த இடங்களில் இந்தச் சிக்கல்தான் வந்தது. குப்பையையும் சேற்றையும் எடுங்கள், கிணற்றில் நிற்கும் அளவுக்கு ஒரு தடவை மெதுவாக இறையுங்கள், பிறகு விட்டுவிடுங்கள். மீதியை மழைதான் கழுவ வேண்டும். அதுவரை குடிக்க லாரித் தண்ணீரே வழி. குளோரின் உப்பை எடுக்காது. கொதிக்க வைத்தால் கரிப்பு இன்னும் ஏறும்.

கேள்வி: பள்ளிக்கூடத்தில் 300 பேரைத் தங்க வைக்கும்படி ஆகிறது. எதற்கு எவ்வளவு ஏற்பாடு செய்ய வேண்டும்? (தன்னார்வலர், கடலூர்)

பதில்: பன்னாட்டு நிவாரணப் பணிகளில் கைக்கொள்ளும் ஸ்பியர் அளவுப்படி, குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர். 300 பேருக்கு 4,500 லிட்டர். தண்ணீர் ஊற்றும் கழிப்பறைக்கு ஆளுக்கு 5 லிட்டர் தனியாக வையுங்கள், 1,500 லிட்டர். லாரி ஒரு நாள் தாமதமானால் தாங்கும் அளவுக்குத் தொட்டி வேண்டும். குழாய் 250 பேருக்கு ஒன்று என்பது குறைந்தபட்சம்; காலை நெரிசலுக்குக் குறைந்தது நான்கு வையுங்கள்.

கழிப்பறை முதல் சில நாளுக்கு 50 பேருக்கு ஒன்று, பிறகு 20 பேருக்கு ஒன்று. உங்களுக்கு முதலில் 6, பிறகு 15. அதில் பெண்களுக்கு ஆண்களைப்போல் மூன்று மடங்கு ஒதுக்க வேண்டும். எண்ணிக்கையைச் சரியாகக் காட்டிவிட்டு, உள்தாழ்ப்பாளும் விளக்கும் இல்லாமல் விட்டுவிடுகிறார்கள். இருட்டியபின் போக அஞ்சி, பெண்கள் மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். நாப்கின் போட மூடியுள்ள வாளி ஒவ்வொரு பெண்கள் கழிப்பறைக்குள்ளும் இருக்கட்டும், வெளியே ஒரு மூலையில் அல்ல.

பள்ளியின் செப்டிக் டேங்க் பகல்நேரப் பயன்பாட்டுக்குக் கட்டியது. இரவும் பகலும் 300 பேர் என்றால் சீக்கிரம் நிரம்பும். உறிஞ்சும் லாரிக்கு 14420-ஐ அழைக்கலாம். ஆளை உள்ளே இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நிலம் ஊறியிருக்கும்போது தொட்டியை முழுசாக உறிஞ்சவும் விடாதீர்கள், காலித்தொட்டி மிதந்து எழும்பிவிடும். புதிதாகக் குழி தோண்டினால் கிணற்றிலிருந்து 30 மீட்டராவது தள்ளி, குழியின் அடி நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீட்டர் மேலே இருக்கும்படி பாருங்கள். நீர்மட்டம் ஒரு முழத்தில் நிற்கும் ஊரில் குழி வெட்டுவதில் பயனில்லை, மேடை கட்டி டிரம் வையுங்கள்.

சோப்பு கழிப்பறை வாசலிலும் சமையல் கூடத்திலும். குழாய் வைத்த ஒரு வாளியும் வலையில் கட்டித் தொங்கவிட்ட சோப்பும் போதும். தரையில் வைத்த சோப்பு மாலைக்குள் காணாமல் போகும்.

கேள்வி: கலங்கல் தண்ணீர்தான் கிடைக்கிறது. குளோரின் மாத்திரை போட்டால் போதுமா? (வாசகி, பரங்கிப்பேட்டை)

பதில்: முதலில் தெளியவிடுங்கள். தேத்தாங்கொட்டையை உரைத்துப் போட்டாலும் படிகாரம் போட்டாலும் மண் அடங்கும், கிருமி சாகாது. தெளிந்ததை நான்காக மடித்த துணியில் வடிகட்டி, அட்டையில் போட்டிருக்கும் லிட்டர் அளவைப் பார்த்து மாத்திரை போட்டு, அரை மணி நேரம் மூடி வையுங்கள். 20 லிட்டர் மாத்திரையை ஒரு குடத்தில் போட்டால் வாய் வைக்க முடியாது. விறகோ கேஸோ இருந்தால், தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வைப்பதே நிச்சயமான வழி.

கேள்வி: தெருவோரம் வெள்ளைக்கோடு போட்டதுபோல் பவுடர் தூவுகிறார்களே, பயன் உண்டா? (வாசகர், வேளச்சேரி)

பதில்: பெரிய அதிகாரி வருகிறார் என்று தெரிந்துகொள்ளலாம். சகதியில் விழுந்த குளோரின் அங்கேயே தீர்ந்துவிடும். அந்த மூட்டையை மேல்நிலைத் தொட்டிக்குக் கொடுத்தால் ஊருக்குப் பயன்.

கேள்வி: கழிப்பறையை ஆசிட் ஊற்றிக் கழுவிவிட்டு அப்படியே பிளீச்சிங் பவுடரும் போடலாமா? (வாசகர், சீர்காழி)

பதில்: கூடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்; கதவு சாத்திய சின்ன அறையில் அது ஆளையே சாய்க்கும். ஏதாவது ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள். ஆசிட் ஊற்றியிருந்தால் நிறையத் தண்ணீர் விட்டு அலசி, பவுடரை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.