பங்காளிக்கு வேறு முடிவு வந்தால்: சோமாலிக் குலமும் ஒய் குரோமோசோமும்

டொரன்டோவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவர் சோமாலி, இசாக் குலத்தவர். எச்சில் மாதிரி அனுப்பி டிஎன்ஏ சோதனை செய்ததில் அவருடைய தந்தைவழி ஹாப்லோகுரூப், அதாவது ஒய் குரோமோசோம் காட்டும் ஆண்வழிக் கிளை, ஈ-வி32 என்று வந்திருக்கிறது. எட்டாம் தலைமுறையில் ஒரே பாட்டனில் சேரும் பங்காளி ஒருவருக்கோ டி (T) என்ற வேறு கிளை வந்திருக்கிறது. "இதில் யார் உண்மையான இசாக்? அரேபியாவிலிருந்து வந்த ஷேக்கின் வாரிசுகள் என்று மாமனார் சொல்வது பொய்யா? மறுபடி சோதிக்க வேண்டுமா? எங்களுக்கு ஒரே மகள், அவளைச் சோதித்தால் ஏதாவது தெரியுமா?" இதுதான் கேள்வி.

மகளிடமிருந்தே தொடங்குகிறேன், அது சுலபம். ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும்தான் போகும், அதனால் உங்கள் மகளிடம் அது இல்லை, அவளைச் சோதித்தால் அப்பாவின் ஹாப்லோகுரூப் வராது. மற்ற குரோமோசோம்களில் பாதி அவள் அப்பாவுடையதுதான், ஆகவே கிழக்கு ஆப்பிரிக்க வேர் நன்றாகவே தெரியும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒய் இல்லாவிட்டாலும் அவள் இசாக்தான். சோமாலிகளிடம் பெண்பிள்ளையும் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று மூதாதையர் பெயர்களை மனப்பாடமாகச் சொல்லும் அப்திர்சியைக் கற்கிறாள், கல்யாணம் ஆன பிறகும் அப்பாவின் பெயரையும் குலத்தையும் விடுவதில்லை. குலம் வேறு, குரோமோசோம் வேறு என்பதற்கு உங்கள் வீட்டிலேயே ஆள் இருக்கிறாள்.

சரி, கணவர் விஷயம். மறுபடி அதே சோதனையைச் செய்யாதீர்கள், அதே பதில்தான் வரும், காசுதான் வீண். ஈ-வி32 வந்ததில் வியப்பு எதுவும் இல்லை. டென்மார்க்கில் வாழ்ந்த 201 சோமாலி ஆண்களை வைத்து 2005இல் வெளியான ஆய்வில் ஏறத்தாழ 78 சதவீதம் பேர் ஈ-எம்78 என்ற பெரிய கிளையில் இருந்தார்கள். வி32 அதன் உட்கிளை. அதே ஆய்வில் சுமார் 10 சதவீதம் பேருக்கு, அன்று கே2 என்றும் இன்று டி என்றும் அழைக்கப்படும் கிளை இருந்தது. ஆக உங்கள் கணவரும் சரி, பங்காளியும் சரி, சோமாலிகளிடம் சாதாரணமாகக் காணப்படும் முடிவைத்தான் பெற்றிருக்கிறார்கள்.

குழப்பம் வருவது காலக் கணக்கில். இசாக் குலத்தின் மூதாதையான ஷேக் இசாக் 12 அல்லது 13ஆம் நூற்றாண்டில் வந்தவர் என்பது மரபு, அவர் அடக்கத்தலம் சோமாலி நிலத்தின் வடகரையில் மைத் ஊரில் இருக்கிறது. அதாவது ஏறக்குறைய எண்ணூறு வருடக் கதை. வி32 பிறந்தது அதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால். அது இசாக்கிடமும் உண்டு, தாரோத், ஹவியே குலங்களிலும் உண்டு, எத்தியோப்பியா, கென்யாவின் ஒரோமோக்களிடமும் உண்டு. எனவே "வி32 என்றால் இன்ன குலம்" என்று யாராவது படம் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதைத் தாராளமாக அழித்துவிடலாம். தெருப்பெயரே தெரியாமல் ஊர்ப்பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டைத் தேடுகிற வேலை அது. டி, திர் என்ற இன்னொரு குலத்தாரிடம், அதிலும் ஜிபூட்டி, எத்தியோப்பியாவின் திரே தாவா பக்கத்தில், மிகுதியாக இருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் அதைத் தலைகீழாக்கி டி வந்தவரெல்லாம் திர் என்று சொல்ல முடியாது. ஆந்திரத்திலும் கிழக்கு இந்தியாவிலும் சில சமூகங்களில்கூட டி உண்டு.

இப்போது பங்காளி. இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. ஈயும் டியும் ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்துபோன கிளைகள். எட்டாம் தலைமுறையில் இருவருக்கும் ஒரே ஆண்வழிப் பாட்டன் இருந்திருக்க முடியாது. இருவரில் ஒருவருடைய வரிசையிலாவது எங்கோ ஓரிடத்தில் வேறொரு ஆண்வழி வந்து சேர்ந்திருக்கிறது. யாருடையதில் என்று இரண்டு பேரை வைத்துச் சொல்லவே முடியாது.

இதைக் கேட்டதும் எல்லாருடைய புத்தியும் ஏதோ ஒரு பாட்டியின் மேல் சந்தேகப்படத்தான் ஓடும். எனக்கு அது பிடிக்காது, தேவையும் இல்லை. சோமாலி மேய்ச்சல் வாழ்க்கையில் குலம் என்பது ரத்தக்கணக்கு மட்டுமல்ல, ஒப்பந்தமும்கூட. ஒரு ஆணைக் கொன்றால் மரபுப்படி இழப்பீடு நூறு ஒட்டகம், பெண்ணென்றால் ஐம்பது. இதற்கு மாக் என்று பெயர். கொன்றவன் தனியாகக் கொடுப்பதில்லை, மாக் கொடுக்கும் அவன் கூட்டம் முழுவதும் சேர்ந்து கொடுக்கும், வாங்கும்போதும் சேர்ந்தே பங்கிடும். சில நூறு பேரிலிருந்து சில ஆயிரம் பேர் வரை உள்ள கூட்டம் அது. இப்படிப்பட்ட இடத்தில் ஆள்பலம் குறைந்த குடும்பம் என்ன செய்யும்? பலமான குலத்தோடு ஒட்டிக்கொள்ளும், அவர்கள் பெயரையே தன் பெயராகச் சொல்லத் தொடங்கும். இப்படி ஒட்டியவர்களுக்கு ஷேகத் என்றே பெயர் உண்டு. தெற்கே ரஹன்வெய்ன் மக்களிடம் இந்தச் சேர்க்கை மிகவும் வெளிப்படை. வடக்கே குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. அப்புறம் பஞ்சத்திலும் சண்டையிலும் அனாதையான பிள்ளைகளை எடுத்து வளர்த்தது, அம்மா வீட்டில் வளர்ந்த பையன் தாய்மாமன் வரிசையிலேயே சேர்ந்துவிட்டது, இதெல்லாம் நான்கைந்து தலைமுறை போனால் அப்திர்சியில் தடம் தெரியாமல் கலந்துவிடும். 1950களில் அங்கே தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் ஐ. எம். லூயிஸ் இன்னொன்றையும் கவனித்தார். பெருகிய கிளைகளின் பட்டியல் நீளமாகவும், ஆள் குறைந்த கிளைகளின் பட்டியல் பெயர்கள் உதிர்ந்து குட்டையாகவும் இருக்கும், சோமாலிகளே நீண்ட கிளை, குட்டைக் கிளை என்று பேசுவார்கள். அதனால் உங்கள் "எட்டாம் தலைமுறை" நிஜத்தில் பத்தாகவும் இருக்கலாம்.

இன்னொரு நுணுக்கம். இசாக்கின் உட்பிரிவுகள் சிலவற்றை ஷேக்கின் இரண்டு மனைவிகளின் வழியாகப் பிரித்துச் சொல்வார்கள். அப்பா ஒருவரே என்பதால் தாய் வேறானாலும் ஒய் மாறாது, எனவே "அவர்கள் வேறு பாட்டியின் பிள்ளைகள், அதனால்தான் டி" என்று யாராவது விளக்கம் சொன்னால் அது செல்லாது.

ஷேக் அரபியா என்ற கேள்விக்கு என் அபிப்பிராயம்: மாமனார் பொய் சொல்லவில்லை, தனக்குச் சொல்லப்பட்டதைச் சொல்கிறார். நபியின் குடும்பத்தோடு வேரை இணைப்பது முஸ்லிம் உலகில் பல இடங்களில் நடந்த, பெருமை தரும் வழக்கம், தாரோத் குலத்துக்கும் அப்படி ஒரு அரபு மூதாதை உண்டு. மரபணு பக்கம் பார்த்தால், அரேபியாவில் மிகுதியாக இருப்பது ஜே1 என்ற கிளை. சோமாலிகளிடம் பெரும்பான்மை ஈ. 2005 ஆய்வு, சோமாலி ஆண்வழிகளில் சுமார் 15 சதவீதம்தான் ஆப்பிரிக்காவுக்கு வெளியிலிருந்து வந்தவை என்று கணக்கிட்டது. கடல் தாண்டி ஒரு ஷேக் வந்திருக்கலாம், ஊரில் மதிப்போடு வாழ்ந்திருக்கலாம், ஆனால் இன்றைய பெருங்கூட்டம் முழுவதும் அந்த ஒருவருடைய ஆண்வழி என்பதற்கு ஆதாரம் இல்லை. பங்காளியும் "என்னுடையது டி, நான்தான் அரபி" என்று துள்ள வேண்டாம், டி ஆப்பிரிக்காவின் கொம்பில், அதாவது சோமாலியா, எத்தியோப்பியா இருக்கும் வடகிழக்கு முனையில், ஷேக்குக்கு நெடுங்காலம் முன்பிருந்தே இருக்கிறது.

ஆர்வம் இன்னும் இருந்தால் செய்ய வேண்டியது இது. ஒய் குரோமோசோமை விரிவாக வாசிக்கும் சோதனை ஒன்று, ஃபேமிலி ட்ரீ டிஎன்ஏ விற்கும் பிக் ஒய்-700 போன்றது, எடுங்கள். அது வி32க்குக் கீழே சில நூறு வருடக் கிளைகள் வரை இறங்கும். ஆனால் ஒருவர் மட்டும் எடுத்துப் பயனில்லை. கணவருக்கு நெருங்கிய அண்ணன் தம்பியை விடுங்கள், அவர்கள் அதையேதான் காட்டுவார்கள். அதே பாட்டனுடைய மூன்றாவது மகன் வழியில் வந்த ஒருவர், அதற்கும் மேலே பத்துப் பதினைந்து தலைமுறையில் பிரிந்த ஒருவர், இப்படித் தூரம் தூரமாக ஆள் பிடிக்க வேண்டும். மூன்றாமவருக்கும் வி32க்குள் அதே சிறு கிளை வந்தால் பாட்டனுடையது அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம், டியின் அதே சிறு கிளை வந்தால் விஷயம் தலைகீழ்.

சோதிக்கும் முன் அவர்களிடம் இந்தக் கதை முழுவதையும் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். 2000இல் ஜிபூட்டியின் ஆர்த்தா மாநாட்டுக்குப் பிறகு சோமாலியாவில் நாடாளுமன்ற இடங்களே நான்கு பெருங்குலங்களுக்குச் சமபங்கு, மீதிப்பேருக்கு அரைப்பங்கு என்று பிரிக்கப்பட்டு வந்திருக்கின்றன. அங்கே ஒரு குடும்பத்தைப் பார்த்து "நீ எங்கள் ஆள் இல்லை" என்பது சும்மா வாய்ச்சொல் அல்ல. பங்காளியின் டி முடிவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதற்குள் யாரும் போடவில்லையென்றால், போட வேண்டாம் என்று கணவரிடம் இன்றே சொல்லிவையுங்கள்.