பாபி ஹர்லி: 1,076 அசிஸ்டுகளுக்குப் பின்னால் – கேள்வி பதில்

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக அணிக்கு 1989 முதல் 1993 வரை பாயிண்ட் கார்டாக, அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவராக, ஆடியவர் பாபி ஹர்லி. ஆறடி உயரம், 75 கிலோ எடை. கூடைப்பந்தில் அதெல்லாம் ஒரு உடம்பே இல்லை. அவரைப் பற்றியும் அந்த இடத்தில் ஆடுவதைப் பற்றியும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

1,076 அசிஸ்ட் என்கிறார்கள். டியூக்கின் நட்சத்திரம் லெய்ட்னர் மாதிரி ஆள் பக்கத்தில் நின்றால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாமே?

கேள்வி நியாயம்தான். பாஸ் வாங்கியவர் கூடையில் போட்டால்தான் அசிஸ்ட். அவர் தவறவிட்டால் எப்பேர்ப்பட்ட பாஸுக்கும் கணக்கில் பூஜ்யம். ஆனால் ஆண்டுவாரியாகப் பாருங்கள்: 288, 289, 237, 262. மொத்தம் 140 ஆட்டம். மூன்றாம் ஆண்டில் குறைந்ததற்குக் காரணம், 1992 பிப்ரவரியில் பாத எலும்பு முறிந்து 5 ஆட்டம் வெளியே உட்கார்ந்தது. கிறிஸ்டியன் லெய்ட்னர் அந்த ஆண்டோடு கல்லூரியை முடித்துவிட்டார். அவர் இல்லாத 1992-93-இல் ஹர்லியின் சராசரி ஆட்டத்துக்கு 8.2 அசிஸ்ட், நான்கு ஆண்டுகளில் அதுதான் உச்சம். கூடவே 17 புள்ளி. லெய்ட்னரின் புண்ணியம் என்றால் அந்த ஆண்டு சரிந்திருக்க வேண்டும். இந்த 1,076-ஆல் ஹர்லி முறியடித்த சாதனை வட கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் கோர்ச்சியானியுடையது: 1,038.

1990 தேசியக் கல்லூரி இறுதிப் போட்டியில் லாஸ் வேகஸ் பல்கலைக்கழக அணியான யு.என்.எல்.வி.யிடம் 103-73 என்று உதை வாங்கிய டியூக், அடுத்த ஆண்டு அதே அணியை வென்றது எப்படி?

1990-இல் ஹர்லி முதலாண்டு மாணவர், அன்று வயிற்றுக் கோளாறு வேறு. எடுத்தது 2 புள்ளி. லாஸ் வேகஸ் அணி பந்தைக் கொண்டுவரும் ஆளையே நெருக்கி மூச்சுமுட்ட வைத்தது. பாயிண்ட் கார்ட் தடுமாறினால் மற்ற நால்வருக்கும் பந்து இரண்டு நொடி தாமதமாக, தப்பான இடத்தில் வந்து சேரும். 30 புள்ளி வித்தியாசம் அப்படித்தான் உருவாகும்.

பிறகு நடந்ததில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு வீடியோ. ஹர்லி முகத்தைச் சுளிப்பது, கையை விரிப்பது, நடுவரிடம் சிணுங்குவது எல்லாவற்றையும் தொகுத்து டியூக் கோச் ஷஷெவ்ஸ்கி அவருக்கே போட்டுக் காட்டினார். பந்தை வைத்திருப்பவன் முகம் தொங்கினால் எதிரணிக்குத் தெம்பு, சொந்த அணிக்குக் கலக்கம். இன்னொன்று, 1990-91-இல் கிராண்ட் ஹில் வந்து சேர்ந்தார். பந்தைக் கொண்டுவர இரண்டாவது ஆள் கிடைத்தார்.

1991 அரையிறுதியில் லாஸ் வேகஸ் தொடர்ந்து 45 ஆட்டம் வென்ற தெம்போடு இறங்கியது. கடைசி இரண்டரை நிமிடத்துக்குள் 76-71 என்று முன்னிலை. அமீபா என்ற தங்கள் சோன் தடுப்பாட்டத்துக்கு (ஆளைத் தொடராமல் ஆளுக்கொரு இடத்தைக் காப்பது) மாறியிருந்தார்கள். பந்து போகும் பக்கமெல்லாம் வடிவம் மாற்றிக்கொண்டு பாஸ் வழிகளை அடைப்பது அது. அது கூடிவர ஒரு நொடி வேண்டும். அந்த நொடியைக் கொடுக்காமல் ஹர்லி மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தார், 76-74. அடுத்து லாஸ் வேகஸ் 45 நொடி ஷாட் கிளாக்குக்குள், அதாவது கூடைக்கு எறிய வேண்டிய நேர வரம்புக்குள், எறியவே முடியாமல் பந்தை இழந்தது. கடைசியில் 79-77. ஹர்லி 40 நிமிடமும் ஆடி 12 புள்ளி, 7 அசிஸ்ட். இரண்டு நாள் கழித்து கான்சஸை 72-65 என்று வென்று கோப்பை.

அண்ணா, நான் காலேஜ் டீமில் பாயிண்ட் கார்ட், அஞ்சடி நாலு அங்குலம். ஃபுல் கோர்ட் பிரஸ், அதாவது மைதானம் முழுக்க நெருக்குற தடுப்பாட்டம் போட்டு ரெண்டு பேர் வந்து மடக்கினா பந்து போயிடுது. என்ன பண்ணலாம்?

முதலில் ஒரு பழக்கத்தை விடும்மா: பந்து கைக்கு வந்ததுமே தரையில் தட்டாதே. பிடி, பிவட் அடித்து (ஒரு காலை ஊன்றியபடி) திரும்பு, மைதானத்தைப் பார், அப்புறம் டிரிபிள், அதாவது பந்தைத் தட்டிக்கொண்டு போவது.

நடுக்கோட்டைத் தாண்டியதும் பக்கக் கோட்டோரம் இருக்கும் மூலைக்குப் போகவே போகாதே. அங்கே இரண்டு கோடுகளும் எதிராளிக்கு இன்னும் இரண்டு ஆள் மாதிரி. உன்னை அங்கே தள்ளத்தான் அவர்கள் வழி விடுவார்கள்.

இருவர் வருகிறார்கள் என்றால் டிரிபிளை நிறுத்தாதே. தோளைக் காட்டி, பந்தைத் தூரக் கையில் முழங்கால் உயரத்துக்குள் வைத்து, பின்னோக்கி இரண்டு டிரிபிள் எடு. அவர்கள் துரத்தி வரும்போது ஒருவர் முந்துவார், ஒருவர் பிந்துவார். பிந்துபவரின் வெளித் தோளை ஒட்டிப் பாய். நடுவில் புகுந்து போவது அவர்கள் கால்கள் சேராதபோது மட்டும். மாட்டிக்கொண்டால் உயரத் தூக்கிப் போடாதே, உன் உயரத்துக்கு அது திருட்டுப் போகும். மேலே காட்டி ஏமாற்றி, எதிராளியின் காலை ஒட்டித் தரையில் தட்டிக் கொடு. வாங்க மூன்று பேர் வேண்டும்: நடுவில் ஒருவர், பக்கக் கோட்டில் முன்னால் ஒருவர், உனக்குப் பின்னால் ஒருவர். பின்னால் ஆள் இல்லாததால்தான் நம் ஊர் அணிகள் பெரும்பாலும் பந்தை இழக்கின்றன.

ஹர்லிக்கு நடுக்கோட்டைத் தாண்ட 10 நொடி இருந்தது. நீ ஆடுவது ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதி என்றால் 8 தான். 24-இலிருந்து இறங்கும் ஷாட் கிளாக் 17 காட்டுவதற்குள் தாண்டிவிடு.

ஃபாஸ்ட் பிரேக்கில், அதாவது எதிரணி சேர்வதற்குள் வேகமாகத் தாக்கும்போது, தாக்கும் மூன்று பேருக்குத் தடுக்க இரண்டு பேர் என்ற நிலையில் பாயிண்ட் கார்ட் எங்கே நிற்க வேண்டும்?

ஃப்ரீ த்ரோ கோட்டில். அதற்குள் போனால் பாஸுக்கான கோணம் சுருங்கும், கீழே நிற்பவர்மேல் மோதி சார்ஜ் ஃபவுலும் (தாக்குபவர் மோதிய குற்றம்) வரும். முதல் தடுப்பாளர் உங்களிடம் வரும்வரை எறியப் போவது போலவே இருங்கள். அவர் வந்ததும் பவுன்ஸ் பாஸ், அதாவது தரையில் தட்டிக் கொடுக்கும் பாஸ். கொடுத்துவிட்டு அந்தப் பக்கமே ஒரு அடி நகருங்கள், பந்து திரும்பி வரலாம்.

அன்றைய எண்ணிக்கையை இன்றைய வீரர்களோடு ஒப்பிடலாமா?

அசிஸ்டை ஓரளவு ஒப்பிடலாம். மூன்று புள்ளி எறிதலை ஒப்பிடாதீர்கள். அன்றைய கல்லூரிக் கோடு 19 அடி 9 அங்குலம், இப்போது கல்லூரி ஆண்களுக்கு 22 அடி 1¾ அங்குலம். ஷாட் கிளாக் 45 நொடியிலிருந்து 30-க்கு வந்துவிட்டது.

அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித்தொடரான என்.பி.ஏ.வில் ஹர்லி ஏன் சோபிக்கவில்லை?

1993-இல் சாக்ரமென்டோ கிங்ஸ் 7-ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. 19 ஆட்டம் ஆடிய நிலையில் டிசம்பர் 12 இரவு, ஆட்டம் முடிந்து திரும்பும்போது விளக்குப் போடாமல் வந்த கார் மோதியது. சீட் பெல்ட் போடாததால் வெளியே வீசப்பட்டார். மூச்சுக்குழாய் நுரையீரலிலிருந்து அறுந்திருந்தது. பிழைத்ததே பெரிது. அடுத்த சீசனில் திரும்பிவந்து 1998 வரை ஆடினார், ஆனால் அந்த வேகம் வரவில்லை. வேகம்தான் அவர் சொத்து. விபத்து இல்லாவிட்டாலும் நட்சத்திரமாகியிருப்பார் என்று சத்தியம் செய்ய மாட்டேன், நல்ல பாயிண்ட் கார்டாக நீண்ட காலம் இருந்திருப்பார்.

ஒரே ஒரு ஆட்டம் பார்க்க வேண்டுமென்றால்?

1992 அரையிறுதியில் இண்டியானாவுக்கு எதிராக 26 புள்ளி எடுத்ததைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்வது அவருடைய கடைசிக் கல்லூரி ஆட்டம், 1993-இல் கலிபோர்னியாவிடம் 82-77 என்று தோற்றது. அவர் 32 புள்ளி, 9 அசிஸ்ட். எதிரே முதலாண்டு மாணவர் ஜேசன் கிட் 11 புள்ளி, 14 அசிஸ்ட். ஒருமுறை பந்தைப் பார்க்காமல் இந்த இருவரின் கால்களை மட்டும் பாருங்கள்.