அங்கே போய்ப் பிரசவம் பார்க்கலாமா?

நர்சிங் மாணவிகளுக்கு 28 வருடம் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். நேபாளத்துக்கு இரண்டு முறை முகாமுக்கும் போயிருக்கிறேன். வெளிநாட்டுத் தொண்டு பற்றி நம் பக்கத்துப் பிள்ளைகளும் வீட்டுக்காரர்களும் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

தேவகோட்டை, பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு மாணவி: மேடம், கென்யாவில் 2 வாரத் தொண்டுக்கு ஒரு ஏஜென்சி ஆள் எடுக்கிறது. "இங்கே சிஸ்டர் பக்கத்தில் நின்றால்தான் தொட விடுவார்கள், அங்கே தனியாகவே பிரசவம் பார்க்கலாம்" என்கிறார்கள். போகட்டுமா?

அப்படிச் சொல்கிற இடத்துக்குப் போகாதேம்மா. படிப்பு முடிக்காத வெளிநாட்டுப் பெண் ஒருத்தி, ஒரு வார்த்தை தமிழ் தெரியாமல், காரைக்குடி பெரியாஸ்பத்திரியில் உன் அக்காவுக்குத் தையல் போட வந்தால் விடுவாயா? கென்யாக்காரிக்கும் அக்கா தங்கை உண்டு. பயிற்சி பெறாத வேலையில் கை வைக்காதே, போவது கற்றுக்கொள்ளத்தான் என்று அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமே 2011-ல் மாணவர்களுக்கு வழிமுறை வகுத்திருக்கிறது. அந்த ஊர் நர்ஸ் மேற்பார்வையில், அவர் சொல்வதை மட்டும் செய்வதாக இருந்தால் தாராளமாகப் போய் வா.

புதுவயல், ஒரு தாய்: டாக்டரே இல்லாத ஊராம். ஒன்றுமே இல்லாததற்கு என் மகன் ஏதோ செய்தால் நல்லதுதானே?

நானும் அப்படித்தான் நினைத்துப் போனேன். முதல் முகாமில் பிரஷர் உள்ளவர்களுக்கு 30 நாள் மாத்திரை கொடுத்துவிட்டுத் திரும்பினோம். 31-வது நாள் அவர்கள் எங்கே போவார்கள் என்று எங்களில் யாருமே கேட்கவில்லை. பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் பிரஷர் பழையபடி ஏறிவிடும். இங்கே 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில், மாத்திரையோடு வீடு தேடி வருகிற பெண் அடுத்த மாதமும் வருகிறாள். உங்கள் மகன் போகும் ஊரில் அப்படி வர ஆள் உண்டா? முதலில் அதைக் கேளுங்கள்.

காரைக்குடி, எம்.பி.பி.எஸ். மாணவர்: அங்கே நோயாளிக்குப் போட்ட ஊசி என் கையில் குத்திவிட்டால்?

உடனே சோப்புத் தண்ணீரில் கழுவு. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையைச் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அந்த மாத்திரை அங்கே கிடைக்குமா என்று கிளம்பும் முன்பே விசாரித்துக்கொள். ஊசிக் குத்தில் பரவக்கூடிய கல்லீரல் நோயான ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி 3 தவணையும் முடிய வழக்கமாக 6 மாதம் ஆகும், அதனால் இப்போதே தொடங்கு.

பள்ளத்தூர், ஒரு பெரியவர்: எங்கள் ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்து சம்பாதிக்க, போனவர். பேத்தி சேவைக்குப் போகிறேன் என்கிறாள், செலவு 2 லட்சம். கொடுக்கலாமா?

கொடுங்கள், ஆனால் யாருக்கு என்று யோசித்துக் கொடுங்கள் அப்பச்சி. டிக்கெட்டுக்கும் ஏஜென்சிக்கும் எவ்வளவு, ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு என்று பேத்தியைக் கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் அந்த ஆஸ்பத்திரிக்கே அவளை எழுதச் சொல்லுங்கள்: "நான் வந்தால் உதவியா, இல்லை இந்தப் பணத்தில் உங்கள் ஊர்ப் பெண்ணை நர்சிங் படிக்க வைப்பது உதவியா?" பதில் வரும்வரை டிக்கெட் போட வேண்டாம்.