யார் மேல் தப்பு? பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சில கேள்விகளும் பதில்களும்

பள்ளிக்கூடத்தை ஒரு சமூக அமைப்பாகப் பார்ப்பது பற்றிக் கேள்வி கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதி யாரோ ஒருவரைப் பற்றிய புகார். அதில் ஒன்றும் தப்பில்லை. 19 வருடம் வகுப்பெடுத்து, அப்புறம் 6 வருடம் தலைமை ஆசிரியராக இருந்தவன் நான். என்னிடமும் அப்படி ஒரு பட்டியல் உண்டு. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ‘பள்ளி ஒரு சமூக அமைப்பு’ என்று பயிற்சியில் படித்தேன், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கிவிட்டேன். உண்மையில் அதற்கு என்ன அர்த்தம் சார்?

ஒரு காலைப் பொழுதை எடுத்துக்கொள்வோம். கணக்கு ஆசிரியருக்குக் காய்ச்சல், லீவு. அந்த பீரியடில் யார் சும்மா இருக்கிறார் என்று கால அட்டவணையைப் பார்த்து, மொழி ஆசிரியையை ஏழாம் வகுப்புக்கு அனுப்புகிறார்கள். அவர் அந்த நேரத்தை எட்டாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்துவதற்காக ஒதுக்கி வைத்திருந்தார். நோட்டுகள் மேசையிலேயே கிடக்கின்றன. மறுநாள் எட்டாம் வகுப்பில் வீட்டுப்பாடம் எழுதாதவன் தப்பித்துவிட்டான். ராத்திரி உட்கார்ந்து எழுதியவள் ‘இனி எதுக்கு’ என்று நினைக்கிறாள். மூன்று வாரம் கழித்து இந்த ஆசிரியை லீவு கேட்கும்போது கணக்கு ஆசிரியர் கைகொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஆசிரியர் அறையில் பேச்சு கிளம்பும். இந்தக் கடன் எந்தப் பதிவேட்டிலும் இல்லை, ஆனால் எல்லோருக்கும் மனப்பாடம்.

ஒருவருக்கு வந்த காய்ச்சல் இரண்டு வகுப்புகளையும் ஆசிரியர் அறையையும் தொட்டுவிட்டது. பதவிகள், அந்தப் பதவியில் இருப்பவரிடம் மற்றவர்கள் எதிர்பார்ப்பது, எழுதிய விதி, எழுதாத வழக்கம், வெளியிலிருந்து வரும் நெருக்கடி எல்லாம் ஒன்றோடொன்று கட்டுண்டு கிடக்கின்றன. ‘அமைப்பு’ என்பது இவ்வளவுதான்.

அமெரிக்கச் சமூகவியலாளர் டால்காட் பார்சன்ஸ் 1959-ல் வகுப்பறையையே ஒரு சமூக அமைப்பாக எடுத்துக்கொண்டு எழுதினார். அது இரண்டு வேலை செய்கிறது என்றார்: பிள்ளைகளைச் சமூகத்துக்குப் பழக்குவது, யார் எந்த இடத்துக்குப் போவது என்று பிரிப்பது. இரண்டையும் ஒரே ஆள் செய்ய வேண்டியிருக்கிறது. காலையில் தட்டிக்கொடுத்த கையே சாயங்காலம் ரேங்க் போடுகிறது. ஆசிரியர் வேலையின் பாதிச் சங்கடம் இங்கேதான் தொடங்குகிறது.

கேள்வி: புதிய தலைமை ஆசிரியர் வந்தார், ஏகப்பட்ட மாற்றங்கள் கொண்டுவந்தார். ஆறு மாதத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. ஆசிரியர்கள் சோம்பேறிகளா, அவருக்குத் திறமை இல்லையா?

இரண்டும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். என் கதையையே சொல்கிறேன். பொறுப்பேற்ற புதிதில், வாரம் ஒருமுறை ஒவ்வொருவரும் இன்னொருவர் வகுப்பில் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும், பார்த்ததைப் படிவத்தில் எழுதித் தர வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டேன். படிவங்கள் ஒன்றுகூடத் தவறாமல் வந்தன. எனக்கு ஒரே பெருமை. ஒரு வெள்ளிக்கிழமை சாவகாசமாகப் புரட்டியபோதுதான் கவனித்தேன்: இரண்டு பேர் கொடுத்த படிவங்கள் ஒரே நீல மையில், ஒரே கையெழுத்தில் இருந்தன. ‘மாணவர் பங்கேற்பு நன்று’ என்ற வரி பதினோரு தாள்களில் அப்படியே இருந்தது. ஆசிரியர் அறையில் டீ குடித்துக்கொண்டே எழுதியிருக்கிறார்கள்.

நிறுவனங்களை ஆராய்ந்த உளவியலாளர் கார்ல் வீக் 1976-ல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். பள்ளியின் பகுதிகள் இறுக்கமாகப் பூட்டப்பட்டவை அல்ல, தளர்வாகக் கோக்கப்பட்டவை. தலைமை ஆசிரியர் அறையில் எடுக்கும் முடிவு வகுப்பறைக் கதவு வரை வரும், உள்ளே போகுமா என்பது உறுதியில்லை. வருகைப் பதிவேடு, கால அட்டவணை, தேர்வு தேதி மாதிரி விஷயங்களில் பிடி இறுக்கம். பாடம் எப்படி நடக்கிறது என்பதில் பிடி மிகத் தளர்வு. இதில் நன்மையும் உண்டு: ஒரு வகுப்பு கெட்டால் மொத்தப் பள்ளியும் கெட்டுப்போவதில்லை, முட்டாள்தனமான சுற்றறிக்கையும் கதவோடு நின்றுவிடும். நல்ல சுற்றறிக்கையும் அங்கேயே நிற்பதுதான் சிக்கல்.

இன்னொன்று. ஆசிரியர் தொழிலை ஆராய்ந்த சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975-ல் ஒரு கணக்குச் சொன்னார்: பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் ஒரு மாணவர் சுமார் 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். அந்த மாணவர்தான் பிற்பாடு ஆசிரியராகிறார். இவ்வளவு நேரம் பார்த்துப் படிந்ததை ஒரு நாள் பயிற்சி வகுப்பு எப்படி மாற்றும்?

அப்புறம் நான் செய்தது சின்ன வேலை. படிவத்தை நிறுத்தினேன். ஒரே பாடம் எடுப்பவர்களை இருவர் இருவராகச் சேர்த்து, ஒவ்வொரு ஜோடிக்கும் கால அட்டவணையில் ஒரு பீரியடை ஒன்றாகக் காலியாக விட்டேன். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவே இல்லை. முதல் மாதம் வெறும் அரட்டை. இரண்டாம் மாதம் ஒரு ஜோடியில் ஒருவர் இன்னொருவரின் வினாத்தாளை வாங்கிப் பார்த்தார். மற்ற ஜோடிகளிடம் இதுகூட நடக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: ஒரு பள்ளியில் உண்மையான அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

கால அட்டவணை போடுபவரிடம். சந்தேகம் இருந்தால், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் பீரியட் யார் யாருக்கு விழுந்திருக்கிறது என்று பாருங்கள். அடுத்த இடம் அலுவலக எழுத்தருக்கு.

கேள்வி: என் மகனை ‘மந்தம்’ என்று முத்திரை குத்திவிட்டார்கள். இப்போது அவனும் அப்படியே ஆகிவிட்டான். ஆசிரியர் நினைப்பதுபோலவே பிள்ளை மாறிவிடும் என்று ஆராய்ச்சி சொல்கிறதாமே?

நீங்கள் சொல்வது ராபர்ட் ரோசந்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் 1968-ல் வெளியிட்ட ஆய்வு. ஒரு தொடக்கப் பள்ளியில் எல்லோருக்கும் ஒரு தேர்வு வைத்தார்கள். ஐந்தில் ஒரு பங்கு பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் எடுத்து, ‘இவர்கள் இந்த வருடம் நன்றாக மலர்வார்கள்’ என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். வருட முடிவில், குறிப்பாக முதல் இரண்டு வகுப்புகளில், அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட முன்னே போயிருந்தார்கள்.

இந்தக் கதை பரவிய அளவுக்கு இதன் மேல் வந்த விமர்சனம் பரவவில்லை. ஸ்டீபன் ராடன்புஷ் 1984-ல் இதுபோன்ற ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார். ஆசிரியர் அந்தப் பிள்ளைகளோடு இரண்டு வாரத்துக்கு மேல் பழகியிருந்தால், வெளியிலிருந்து சொன்ன தகவலுக்குக் கிட்டத்தட்ட பலனே இல்லை. நேரில் பார்த்துப் பழகியதைத்தான் ஆசிரியர் நம்புகிறார்.

அதனால் உங்களுக்கு ஒரு யோசனை. முத்திரை பழகிய பிறகு அழிப்பது கஷ்டம். புதிய வருடத்தின் முதல் இரண்டு வாரம்தான் வாசல் திறந்திருக்கும் நேரம். அதற்குள் போய் புது ஆசிரியரைப் பாருங்கள். பழைய ஆசிரியரைப் பற்றிக் குறை சொல்லாமல், மகன் வீட்டில் தானாகச் செய்யும் ஒரு காரியத்தைச் சொல்லுங்கள். உடைந்த மிதிவண்டியைச் சரிசெய்தான் என்றால் அது போதும். வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு அவன் பதிலுக்கு ஆசிரியர் எத்தனை நொடி காத்திருக்கிறார் என்பதிலும் எதிர்பார்ப்பு வேலை செய்கிறது. மந்தம் என்று நினைத்த பிள்ளையிடமிருந்து கேள்வி சீக்கிரம் நகர்ந்துவிடும்.

கேள்வி: மகள் நன்றாகப் படிப்பவள். ஆனால் தோழிகளிடம் மார்க்கைக் குறைத்துச் சொல்கிறாள். ஏன் இப்படி?

வகுப்பில் இரண்டு விதச் செலாவணி உண்டு. ஒன்று ஆசிரியரிடம் செல்லும், மற்றது தோழிகளிடம் செல்லும். ஜேம்ஸ் கோல்மன் அமெரிக்காவில் 10 உயர்நிலைப் பள்ளிகளை ஆராய்ந்து 1961-ல் வெளியிட்டார். எப்படி நினைவுகூரப்பட விரும்புகிறாய் என்று பையன்களிடம் கேட்டபோது, சிறந்த மாணவனைவிட விளையாட்டு வீரனுக்குத்தான் அதிக ஆதரவு.

அவர் சொன்ன காரணம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆட்டத்தில் ஜெயித்தவன் பள்ளி முழுவதற்கும் பெயர் வாங்கித் தருகிறான். முதல் மார்க் வாங்குபவளோ கூட இருப்பவர்களின் இடத்தைக் கீழே தள்ளுகிறாள். கூட்டம் யாரைக் கொண்டாடும்? உங்கள் மகள் பொய் சொல்லவில்லை, விலை கட்டிப் பார்க்கிறாள். அவள் படிப்பால் மற்றவர்களுக்கும் லாபம் வருகிற ஏற்பாடு இருந்தால் நிலைமை மாறும். அணியாகப் போட்டியிடும் வினாடி வினா ஒரு நல்ல உதாரணம்.

கேள்வி: எல்லாவற்றையும் அமைப்பின் தலையில் போட்டால், அடிக்கிற ஆசிரியரும் தப்பித்துவிடுவார் அல்லவா?

தப்பிக்கக் கூடாது. கல்வி ஆய்வாளர்கள் கெட்செல்ஸும் கூபாவும் 1957-ல் இதை ஒரு படமாகவே போட்டார்கள்: ஒரு பக்கம் நிறுவனம் கொடுக்கும் பாத்திரமும் அதன் எதிர்பார்ப்பும், இன்னொரு பக்கம் ஆளின் குணமும் தேவைகளும். நடத்தை இரண்டும் சந்திக்கும் இடத்தில் பிறக்கிறது. அடித்தவர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் அவரை மாற்றிவிட்டு, ‘சத்தமில்லாத வகுப்பே நல்ல வகுப்பு’ என்று பாராட்டும் வழக்கத்தை அப்படியே வைத்திருந்தால், அடுத்து வருபவரின் கையும் ஓங்கத்தான் போகிறது.

கேள்வி: பெரிய பள்ளியா, சின்னப் பள்ளியா?

உளவியலாளர்கள் பார்க்கரும் கம்ப்பும் 1964-ல் கண்டது: பெரிய பள்ளியில் நடவடிக்கைகளின் வகை அதிகம், ஆனால் மாணவர் எண்ணிக்கை கூடிய அளவுக்கு அவை கூடுவதில்லை. நாடகத்தில் நடிக்க ஆள் போதாத இடத்தில் கூச்சக்காரனையும் மேடையில் ஏற்றியாக வேண்டும். உங்கள் பிள்ளை கூச்சக்காரன் என்றால் சின்னப் பள்ளி. மற்றபடி இதை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள்.

கேள்வி: என் வகுப்பிலேயே இந்தப் பின்னலைப் பார்க்க எளிய வழி இருக்கிறதா?

இருக்கிறது. மனநல மருத்துவர் ஜேக்கப் மொரேனோ 1930-களில் பரப்பிய முறை. ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்து, ‘அடுத்த செயல்திட்டத்தை யார் யாரோடு செய்ய ஆசை, மூன்று பெயர் எழுது’ என்று கேளுங்கள். யாரைப் பிடிக்காது என்று மட்டும் கேட்காதீர்கள். வீட்டுக்குப் போய் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வட்டம் போட்டு, எழுதியவரிடமிருந்து எழுதப்பட்டவருக்கு அம்புக்குறி வரையுங்கள். அம்புகள் குவியும் இடம் பல வகுப்புகளில் லீடரிடம் இருக்காது. ஒரு அம்புகூட வராத வட்டம் அநேகமாக ஒன்றோ இரண்டோ இருக்கும்.

குழு பிரிக்கும்போது அந்தப் பிள்ளையை அவன் எழுதிய மூவரில் ஒருவரோடு சேர்த்துவிடுங்கள், காரணம் சொல்ல வேண்டாம். சீட்டுகளை அன்றே கிழித்துப் போடுங்கள். நான் ஒருமுறை மேசை டிராயரில் விட்டுவிட்டுப் போனேன். மறுநாள் காலை வகுப்பு முழுவதற்கும் தெரிந்திருந்தது.